கண்டுபிடிப்புப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு: பெங்களூருவிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஒரு சுற்று வந்தால் போதும், அடுத்த ஆண்டு என்ன இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம். கை நீட்டினால் திறக்கும் குப்பைத்தொட்டி, மழை வந்தால் தானாக உள்ளே போகும் துணிக்கொடி, மிதித்தால் மின்சாரம் தரும் தரைப்பலகை, பீப் அடிக்கும் கைத்தடி. செய்த பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இவற்றைச் செய்து தரும்படி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. நடுவர் கேட்கும் முதல் கேள்வி "இது யாருக்கு?" என்பது. "பொதுமக்களுக்கு சார்" என்று பதில் வந்தால் அவர் அடுத்த மேசையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி இடத்தைக் கருவி செய்வதற்கு முந்தைய வேலைக்கே கொடுத்திருக்கிறேன். சர்க்யூட்டைக் கற்றுக்கொள்ள ஆயிரம் வீடியோ இருக்கிறது.

திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கரின் சூரியசக்தி இஸ்திரி வண்டி பலருக்கும் நினைவிருக்கும். 2020இல் சுவீடனின் சில்ட்ரன்ஸ் கிளைமேட் பிரைஸ், 2021இல் சுற்றுச்சூழல் தீர்வுகளுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிப்பட்டியல், அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேச்சு. சோலார் பேனலும் பேட்டரியும் இஸ்திரிப்பெட்டியும் அவருக்கு முன்பே இருந்தவை. தெருமுனையில் துணி தேய்ப்பவர், தேய்த்து முடித்த கரியை வெயிலில் உலர்த்திக் குப்பையில் போடுவதைப் பார்த்து, "நாடு முழுக்க எவ்வளவு கரி இப்படி எரிகிறது?" என்று கேட்டதுதான் அவருடைய பங்கு. கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வெயிலில் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்ற கணக்கு அதற்கு அப்புறம் வந்தது. பெங்களூருவிலும் தெருவுக்குத் தெரு இஸ்திரி வண்டி நிற்கிறது. பல வண்டிகளில் தமிழிலேயே பேரம் பேசலாம்.

எந்தப் போட்டி?

யோசனை முதலில், போட்டி பிறகு என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வயது வரம்பும், யார் வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பை வாசலிலேயே நிறுத்திவிடக்கூடியவை.

பள்ளிப் பிள்ளைகள் தொடங்க வேண்டிய இடம் இன்ஸ்பயர் மானக். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்துவது. மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, பள்ளிதான் பெயரைப் பதிய வேண்டும். திட்டத்தின் கணக்குப்படி நாடு முழுவதிலிருந்தும் 10 லட்சம் யோசனைகள், அதில் 1 லட்சம் பேருக்குத் தலா 10,000 ரூபாய், மாநில அளவுக்கு 10,000 பேர், தேசிய அளவுக்கு 1,000 பேர், கடைசியில் 60 பேர். பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். ஆகவே பிள்ளை பெயரில் கணக்கும், அதில் உள்ள பெயர் பள்ளிப் பதிவேட்டோடு எழுத்து மாறாமல் பொருந்துவதும் முக்கியம். இங்கே தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. ஆதாரில் தந்தை பெயர் முன்னெழுத்தாக, பள்ளியில் முழுப்பெயராக, வங்கியில் இரண்டும் இல்லாமல் என்று மூன்று விதமாக இருக்கும். ஜூனில் பள்ளி திறந்ததுமே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பெயர்த் திருத்தத்தையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குப் பெரிய கனவு ஐசெஃப். 1950இல் தொடங்கி அமெரிக்காவில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் உலக அறிவியல் போட்டி. இந்தியாவிலிருந்து ஐரிஸ் தேசியப் போட்டி வழியாகப் போகலாம். இதில் விதிமுறைகள் கடுமை. மனிதர்களிடம் கேள்வி கேட்டுத் தகவல் திரட்டுவதாக இருந்தால், திரட்டத் தொடங்கும் முன்பே அதற்கான குழுவின் ஒப்புதல் வேண்டும். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுப் படிவத்தைத் தேடினால் வேலைக்கு ஆகாது.

வெறும் யோசனை நிலையில் இருப்பவர்களுக்கு ஜெனீவாவிலிருந்து நடக்கும் எர்த் பிரைஸ் பொருந்தும். 13 முதல் 19 வயது வரை, சுற்றுச்சூழல் சார்ந்த தீர்வு. தண்ணீர் என்றால் 1997 முதல் நடக்கும் ஸ்டாக்ஹோம் ஜூனியர் வாட்டர் பிரைஸ், 15 முதல் 20 வயது வரை, நாட்டளவில் வென்றவர்தான் ஸ்டாக்ஹோம் போகலாம். கல்லூரி மாணவர்களுக்குப் பொறியியல் வடிவமைப்புக்கான ஜேம்ஸ் டைசன் விருதும், 2017 முதல் நடக்கும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானும் இருக்கின்றன. ஹேக்கத்தானில் அமைச்சகங்களும் நிறுவனங்களுமே பிரச்சினையைக் கொடுத்துவிடும். ஆறு பேர் அணி, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும்.

பள்ளிக்குத் தபால் வந்தது, வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது, சில ஆயிரம் கட்டினால் "சர்வதேச இளம் கண்டுபிடிப்பாளர்" பதக்கம் என்றால் கடந்து போங்கள். கலந்துகொண்ட எல்லோருக்கும் தங்கப் பதக்கம் கிடைக்கும் போட்டிக்குப் பெயர் வியாபாரம்.

பிரச்சினையைத் தேடிப் போவது

உலகப் பிரச்சினைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17, அவற்றின் உள் இலக்குகள் 169. அதைப் பார்த்தால் தலைதான் சுற்றும். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எட்டக்கூடிய ஒரு ஆளைக் கண்டுபிடியுங்கள். கே.ஆர். மார்க்கெட்டில் சாயங்காலம் மிஞ்சிய சாமந்தியைக் கூடையோடு கொட்டுகிற பூக்காரர், காய்ந்த குப்பை மையத்தில் பால் பாக்கெட்டையும் சிப்ஸ் கவரையும் கையால் பிரிக்கிற அக்கா, பெள்ளந்தூர் ஏரி நுரை காற்றில் பறந்து வரும் தெருவில் கடை வைத்திருப்பவர். யாராவது ஒருவர் போதும்.

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கூட எடுத்துப் போகிறேன்.

சிறீராமபுரத்தையோ ஹலசூரையோ போன்ற பழைய பகுதியில் ஐந்து குடித்தனம் உள்ள ஒரு லைன் வீடு என்று வையுங்கள். ஒரே குழாய். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் நடுராத்திரிக்கு மேல் வருகிறது. அந்தத் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொரேகாடனஹள்ளியிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு வருவது. அங்கே ஒரு அம்மா குழாயைத் திறந்தபடி விட்டு, அடியில் ஒரு பிஸ்கட் தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கிறார். தண்ணீர் வந்தால் தகரத்தில் விழும் சத்தம் எழுப்பிவிடும்.

இதைப் பார்த்ததும் பத்தில் ஒன்பது பிள்ளைகள் "சென்சார் வைத்து போனுக்கு மெசேஜ் அனுப்பலாம்" என்பார்கள். அங்கேயே நிறுத்துங்கள். அந்தத் தகர டப்பாவும் ஒரு கண்டுபிடிப்புதான். அதுதான் உங்கள் போட்டியாளர். விலை பூஜ்யம், மின்சாரம் வேண்டாம், ரிப்பேர் ஆகாது. அதை எதில் வெல்லப் போகிறீர்கள்?

மறுபடி போய் உட்காருங்கள். கருத்துக்கணிப்புத் தாளைக் கொண்டு போகாதீர்கள். "தண்ணீர்ப் பற்றாக்குறையால் நீங்கள் பாதிக்கப்படுகிறீர்களா? ஆம்/இல்லை" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள், அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. "நேற்று ராத்திரி தண்ணி வந்தப்போ என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடமோ தெலுங்கோ உருதுவோ என்றால் அந்த மொழி தெரிந்த நண்பனைக் கூட்டிப் போங்கள். பெங்களூரு பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே வரும்.

அப்படிக் கேட்டால் வேறு கதை வெளியே வரும். தகரச் சத்தத்தில் எல்லா வீடும் எழுந்துவிடுகிறது, கைக்குழந்தை உட்பட. முதலில் எழுபவர் டிரம் முழுக்கப் பிடித்துவிடுகிறார், கடைசி வீட்டுக்குப் போகும்போது வேகம் குறைந்துவிடுகிறது. மறுநாள் காலை சண்டை. இப்போது பிரச்சினை "தண்ணீர் வந்ததைத் தெரிவிப்பது" இல்லை. யாரும் எழாமல் ஐந்து டிரம்மும் நியாயமாக நிரம்புவது. முதல் யோசனையிலிருந்து இவ்வளவு தூரம் நகராத திட்டத்தை நான் போட்டிக்கு அனுப்பச் சொல்வதில்லை.

படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். தண்ணீர் பிடிக்கும் பெண்களைத் தெருவிலிருந்தே போனில் சுட்டுக்கொண்டு வந்து ஸ்லைடில் போடுவது அநாகரிகம், பல போட்டிகளில் விதிமீறலும்கூட.

ஏற்கெனவே என்ன இருக்கிறது?

இரண்டு இடங்களில் தேட வேண்டும். ஒன்று கூகுள் பேட்டன்ட்ஸ், கூடவே இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடுதளம். இன்னொன்று ஹார்டுவேர் கடை. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரரிடம் போய் "அண்ணா, டிரம் நிரம்பினா தானா மூடற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் மிதவை வால்வை எடுத்து மேசையில் வைப்பார். சில நூறு ரூபாய். அப்படியானால் இது ஏன் லைன் வீட்டில் இல்லை? டிரம்முக்கு நிரந்தரக் குழாய் கிடையாது. ஒரே ஹோஸ் வீடு வீடாக மாறுகிறது. வாடகை வீடு, சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார். இந்த மூன்று காரணங்களும் உங்கள் வடிவமைப்பின் நிபந்தனைகள். நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

முதலில் அளவு, பிறகு கருவி

கருவி வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று உங்களிடம் எண்கள் இல்லாவிட்டால், கருவி வந்த பின் எதுவும் நிரூபிக்க முடியாது. ஒரு பக்கெட், ஒரு போன் ஸ்டாப்வாட்ச் போதும். 20 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை நொடி, முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் தனித்தனியாக. எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் எழுந்தார்கள், எவ்வளவு சிந்தியது. இரண்டு வாரம் எழுதினால் அதில் ஒரு ஒழுங்கு தெரியவரும்.

தண்ணீரின் தரத்தைத் தொடும் திட்டம் என்றால் ஒரு எச்சரிக்கை. டி.டி.எஸ். மீட்டரை முக்கிவிட்டு "தண்ணீர் சுத்தமாகிவிட்டது" என்று சொல்லும் மேசைகள் ஏராளம். அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்தலை அளந்து கரைந்த உப்பின் அளவை மதிப்பிடுகிறது, அவ்வளவுதான். கிருமி அதற்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரும் அதில் நல்ல எண்ணைக் காட்டலாம். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை என்றும் சொல்கிறது. அது பல அளவுகளில் ஒன்று மட்டுமே. கிருமிக்குத் தனிப் பரிசோதனை வேண்டும். காற்று மாசு திட்டங்களிலும் இதே கதைதான். மலிவான வாயு சென்சார்கள் சூடாக நேரம் எடுக்கும், ஈரப்பதத்துக்கு ஏற்ப எண் மாறும். சரிபார்த்த கருவி ஒன்றோடு ஒப்பிடாமல் அதன் எண்ணைச் சத்தியம் செய்யாதீர்கள்.

செய்து பார்ப்பது

முதல் மாதிரியைக் காசு செலவழிக்காமல் செய்யுங்கள். அட்டை, பாட்டில், பழைய ஹோஸ், எம்-சீல். நம் உதாரணத்தில், குழாயிலிருந்து ஒரு நீள ஹோஸ், அதில் ஐந்து கிளை, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் டிரம் விளிம்பில் கொக்கிபோல் மாட்டக்கூடிய ஒரு மிதவை வால்வு. சுவரில் துளை வேண்டாம், கரண்ட் வேண்டாம். செய்து பார்த்தால் உடனே ஒரு குறை தெரியும். குழாய்க்குப் பக்கத்து டிரம் சீக்கிரம் நிரம்பும், தூரத்து டிரம் தாமதமாகும். ஹோஸின் உராய்வில் அழுத்தம் குறைவதுதான் காரணம். பக்கத்துக் கிளைகளில் சின்னத் துளை வாஷர் போட்டால் சமப்படுத்தலாம். எவ்வளவு சின்னத் துளை என்பதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். உங்கள் திட்டத்தின் உண்மையான அறிவியல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாலைந்து அளவு வாஷர், ஒவ்வொன்றுக்கும் ஐந்து டிரம்மும் நிரம்பிய நேரம் என்று அட்டவணை போட்டால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

மின்னணுப் பாகம் தேவைப்படும் திட்டமென்றால் எஸ்.பி. ரோட்டுக்குப் போங்கள். ஆர்டுயினோ, இ.எஸ்.பி. 32 போன்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைகள், பம்ப், ரிலே எல்லாம் அங்கே ஒரே தெருவில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை காலையிலேயே போவது நல்லது. பட்டியலை எழுதிக்கொண்டு போய் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் கூடுதலாக ஒன்று வாங்குங்கள். கண்காட்சிக்கு முந்தைய ராத்திரி எரிந்துபோவது எப்போதும் கையில் ஒன்றே ஒன்று இருக்கும் பாகம்தான். பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசு உதவியில் அமைத்த செய்முறைக் கூடம்) இருந்தால் முதலில் அதைத் திறக்கச் சொல்லுங்கள். சில பள்ளிகளில் அந்த 3டி பிரிண்டர் உறை பிரிக்காமலே இருக்கிறது. கஸ்தூரிபா சாலையிலுள்ள விஸ்வேஸ்வரையா அருங்காட்சியகத்தையும் ஒரு நாள் போய்ப் பாருங்கள், பல்சக்கரமும் நெம்புகோலும் பம்பும் எப்படி இயங்குகின்றன என்பது புத்தகத்தைவிட அங்கே நன்றாகப் புரியும்.

அப்புறம் கருவியை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் எல்லோரும் மரியாதைக்காக "சூப்பர் கண்ணு" என்பார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் உண்மை தெரியும். "மூடி போட முடியல, கொசு வருது." "பக்கத்து வீட்டுக்காரங்க என் வால்வை மூடிட்டாங்களோன்னு ராத்திரி எழுந்து பாத்தேன்." இரண்டாவது வாக்கியம்தான் தங்கம். யாரும் எழக் கூடாது என்று செய்த கருவி, சந்தேகத்தால் ஒருவரை எழுப்பியிருக்கிறது. மிதவையோடு ஒரு சிவப்புக் குச்சியைச் சேர்த்து மூடிக்கு மேலே நீட்டிவிட்டால், காலையில் யார் டிரம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீரைப் பங்கிடுவதில் பாதி வேலை நம்பிக்கையைப் பங்கிடுவது. இதை எந்தச் சென்சாரும் சொல்லியிருக்காது.

நோட்டுப் புத்தகம்

பக்க எண் போட்ட ஒரு கட்டு நோட்டு. தேதி, செய்தது, வந்த எண், உடைந்தது. பேனாவில். தப்பாக வந்ததை அடித்துவிட்டு மேலே எழுதுங்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அழகாகப் படியெடுத்த நோட்டை நடுவர் நம்புவதில்லை, எண்ணெய்க்கறை படிந்த நோட்டை நம்புவார். அப்பா செய்த வேலை, ஆசிரியர் தந்த யோசனை, ஏ.ஐ.யிடம் கேட்டது என்று எல்லாவற்றையும் அதிலேயே குறித்துவிடுங்கள். மறைத்தால் மூன்றாவது கேள்வியில் வெளிப்படும்.

காப்புரிமை வேண்டுமென்றால் கண்காட்சிக்கு முன்

பொது இடத்தில் காட்டிவிட்டால் புதுமை போய்விட்டது என்பது சட்டத்தின் பார்வை. அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் 12 மாதச் சலுகை உண்டு. உங்கள் பள்ளிக் கண்காட்சி அதில் வராது. யூடியூபில் போட்ட டெமோ வீடியோவும் வெளியிட்டதாகவே கணக்கு. ஆகவே கருவியில் உண்மையிலேயே புதிய அம்சம் இருந்தால் முதலில் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணத்தை, காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்துவிடுங்கள். தனிநபர் இணையத்தில் செய்தால் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க அன்றிலிருந்து 12 மாதம் இருக்கிறது. கர்நாடகத்தின் விண்ணப்பங்கள் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. வெறும் ஆப் மட்டுமே உங்கள் கண்டுபிடிப்பு என்றால், கணினி நிரலை அப்படியே காப்புரிமை ஆக்க முடியாது என்று சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் செலவு வேண்டாம். பெரும்பாலான பள்ளித் திட்டங்களுக்கு இந்தப் படியே தேவையில்லை என்பதுதான் என் கணிப்பு.

விண்ணப்பமும் நடுவரும்

"தண்ணீர் உயிரின் ஆதாரம். இன்று உலகம் முழுவதும்..." என்று தொடங்கும் விண்ணப்பங்களை நடுவர்கள் நூற்றுக்கணக்கில் படித்திருப்பார்கள். இப்படித் தொடங்குங்கள்: "எங்கள் தெருவில் ஐந்து குடும்பங்களுக்கு ஒரு குழாய். தண்ணீர் வரும் ராத்திரிகளில் ஐந்து பெண்கள் எழுகிறார்கள்." அடுத்த வரியில் உங்கள் அளவீடு. அதற்கடுத்து கருவி. இவ்வளவும் முதல் பத்தியிலேயே.

ஐ.நா. இலக்கைக் குறிப்பிடச் சொன்னால் வண்ண வண்ணச் சின்னங்களை அள்ளி ஒட்டாதீர்கள். எண்ணோடு ஒன்றோ இரண்டோ போதும். தண்ணீர்த் திட்டம் என்றால் எல்லோரும் 6.1 என்று, அதாவது பாதுகாப்பான குடிநீர் என்று எழுதுவார்கள். நம் லைன் வீட்டுத் திட்டம் தண்ணீரைச் சுத்தம் செய்யவில்லை, அதிகப்படுத்தவும் இல்லை. அது குறைப்பது பெண்களின் ராத்திரி வேலையை. ஊதியமில்லா வீட்டுவேலையை அங்கீகரிக்கச் சொல்லும் 5.4தான் சரியான இடம். சிந்தும் தண்ணீரை அளந்து காட்டியிருந்தால், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றிய 6.4ஐயும் சேர்க்கலாம்.

வீடியோ கேட்டால் முதல் பத்து நொடியில் கருவி வேலை செய்வது தெரிய வேண்டும். பின்னணி இசை வேண்டாம். மேசையில் நிற்கும்போது மனப்பாடம் ஒப்பிக்காதீர்கள். நடுவில் ஒரு கேள்வி வந்தால் ரயில் தடம் புரண்டுவிடும். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தலா இரண்டு நிமிடம் பேசிப் பழகுங்கள். எப்படியும் வரப்போகும் கேள்விகள் இவை: மிதவை வால்வு கடையிலேயே கிடைக்கிறதே, நீங்கள் செய்தது என்ன? கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்? ஐந்து வீட்டுக்குப் பதில் பத்து வீடு என்றால்? எது சரியாக வரவில்லை? கடைசிக் கேள்விக்கு "எல்லாம் சரியாக வந்தது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேட்டரி வைத்த கருவி என்றால், அது தீர்ந்த பின் எங்கே போகும் என்ற கேள்வியும் நிச்சயம். சுற்றுச்சூழல் போட்டியில் மின்குப்பையை உண்டாக்கிவிட்டு விழிக்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வரி: மேசையிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள்.

முடிவு வந்த பிறகு

ஜெயித்தாலும் தோற்றாலும் கருவியைக் கழற்றிக்கொண்டு வராதீர்கள். அந்த ஐந்து வீடும் அதற்குப் பழகியிருக்கும். போட்டிக்காகக் கழற்ற வேண்டியிருந்தால் இரண்டாவது ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள், பாகங்களின் விலையும் எந்தக் கடை என்பதும் ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். நடுவர் சொன்ன குறைகளை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள், ஒரு வாரம் போனால் பாராட்டு மட்டும்தான் நினைவிருக்கும். அதே திட்டத்தை அடுத்த ஆண்டு மேம்படுத்திக் கொண்டுபோவதைப் பல போட்டிகள் அனுமதிக்கின்றன. ஐசெஃப்பில் அதற்கென்றே தனிப் படிவம் உண்டு. சென்ற ஆண்டு செய்தது எது, இந்த ஆண்டு புதிதாகச் செய்தது எது என்று அதில் பிரித்துக் காட்ட வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பும் நாளில் உங்களுக்குத் தேவைப்படப்போவது தேதி போட்ட அந்த நோட்டுதான், சான்றிதழை ஃப்ரேம் போடும் அவசரத்தில் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.